பஸ் அட்டவணையில் யூனிக்ஸ் படிப்பு

“அண்ணை, லினக்ஸ் படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?” ஆக்லாந்துக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கைமார் என்னிடம் கேட்கும் கேள்வி இது. ஒன்றும் வாங்கத் தேவையில்லை என்பேன். வில்லியம் ஷாட்ஸின் ‘தி லினக்ஸ் கமாண்ட் லைன்’ இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் து. நித்யாவின் ‘எளிய தமிழில் க்னு/லினக்ஸ்’ உண்டு, அதற்கும் காசில்லை. பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸைப் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கலாம்.

ஆனால் முதல் சில அத்தியாயங்களோடு புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வேலையில் இறங்க வேண்டும். நான் கொடுக்கும் வேலை பஸ் அட்டவணை. ஆக்லாந்து டிரான்ஸ்போர்ட் தன் பஸ், ரயில், ஃபெரி நேரங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்த வெளியிடுகிறது. ஜிப் கோப்பைப் பிரித்தால் உள்ளே இருப்பவை வெறும் எழுத்துக் கோப்புகள். சாண்ட்ரிங்காம் ரோட்டு நிறுத்தங்களைப் பொறுக்க ‘கிரெப்’ கட்டளை போதும்.

எந்த நிறுத்தம் அட்டவணையில் அதிகம் வருகிறது? ‘ஹெட்’ போட்டுத் தலைப்பு வரியைப் பாருங்கள். நிறுத்த எண் உள்ள பத்தியை ‘கட்’ கொண்டு பிரியுங்கள். ‘சார்ட்’ செய்து ‘யூனிக்’கிடம் எண்ணக் கொடுங்கள். ‘யூனிக்’ அடுத்தடுத்த வரிகளை மட்டுமே ஒப்பிடும், அதனால்தான் முதலில் வரிசைப்படுத்துகிறோம். வருகிற எண்ணிக்கையை ஒரு நாளின் பஸ் என்று நம்பிவிடாதீர்கள். வார நாள், ஞாயிறு எல்லாம் அதில் சேர்ந்தே கிடக்கும். பிரித்தெடுக்க நாட்காட்டிக் கோப்பையும் இணைக்க வேண்டும். ‘ஜாயின்’, ‘ஆக்’ இரண்டும் அங்கேதான் தேவைப்படும்.

இந்தக் கட்டளைகளைக் கோத்துவிடும் ‘பைப்’, டக் மெக்கில்ராயின் யோசனை. பெல் ஆய்வகத்தில் 1973இல், லினக்ஸின் முன்மாதிரியான யூனிக்ஸுக்குள் வந்தது. அதே ஆய்வகத்தின் கெர்னிகனும் பைக்கும் 1984இல் எழுதிய ‘தி யூனிக்ஸ் புரோகிராமிங் என்விரான்மென்ட்’ மூன்றாவது புத்தகம். அதிலுள்ள கட்டளைகளில் பெரும்பகுதி இன்றைய டெபியனிலும் ஓடும்.

எண்களைப் படமாக்க ஆசையா? பெல் ஆய்வகத்தின் ‘எஸ்’ மொழியைப் பின்பற்றி, ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய ‘ஆர்’ மொழி அதற்கு உதவும். 1995 முதல் அது கட்டற்ற மென்பொருள்.

உங்கள் வீட்டு நிறுத்தத்துக்கு ஞாயிறு முதல் பஸ் எத்தனை மணிக்கு? பைப்பால் கோத்த ஒரே வரியில் விடை எடுத்துவிட்டால், மூன்றாவது புத்தகத்தைத் திறக்கலாம்.