சேனல் லோகோவை வீடியோவிலிருந்து நீக்கலாமா?

பழைய வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டீர்கள். படமும் சுமாராக இருக்கிறது. ஆனால் மூலையில் சேனலின் லோகோ உறுத்துகிறது. அதை நீக்க முடியுமா? முடியும். ஆனால் "நீக்குவது" என்ற சொல்தான் கொஞ்சம் ஏமாற்றுகிறது.

லோகோ என்பது படத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் அல்ல. உரித்தால் அடியில் படம் இருக்காது. ஒளிபரப்பும்போதே அந்த இடத்தின் புள்ளிகளை மாற்றி, லோகோவின் புள்ளிகளை வைத்துவிடுகிறார்கள். மென்பொருள் செய்வதெல்லாம், சுற்றியுள்ள புள்ளிகளின் நிறத்தை வைத்து நடுவில் இருந்ததை ஊகித்து நிரப்புவதுதான். நம் ஊர் டிவி முறையான பால் வீடியோவில் விநாடிக்கு 25 ஃபிரேம்கள். 100×60 புள்ளி அளவுள்ள லோகோ என்றால், ஒரு நிமிடத்துக்கு 90 லட்சம் புள்ளிகள் வெறும் ஊகம்!

கண்ணாடி போல மங்கலாகத் தெரியும் லோகோ என்றால் நிலைமை மேல். அங்கே அசல் நிறமும் லோகோ நிறமும் ஒரு விகிதத்தில் கலந்திருக்கும். உதாரணமாக, 100 என்ற அசல் மதிப்பில் 40 சதவீதம் வெள்ளை (255) கலந்தால் 162 வரும். விகிதம் தெரிந்தால் கணக்கைத் திருப்பிப் போட்டு 100-ஐ மீட்கலாம். விர்ச்சுவல்டப் மென்பொருளுக்கான டீலோகோ ஃபில்ட்டர் இந்த வேலையைச் செய்யும். பதிவில் கம்ப்ரஷன் அதிகமாக இருந்தால் லோகோவின் நிழல் கொஞ்சம் மிஞ்சும்.

புதியவர்களுக்கு எளிதானது அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருள். வீடியோவைத் திறந்ததும் இடது பக்கம் வீடியோ அவுட்புட் "காப்பி" என்று இருக்கும். அப்படியே விட்டால் எந்த ஃபில்ட்டரும் வேலை செய்யாது. அதை எம்பெக்4 ஏவிசி என்று மாற்றுங்கள். ஆடியோ காப்பியாகவே இருக்கட்டும். பிறகு ஃபில்ட்டர்ஸ் பகுதிக்குப் போய் டீலோகோவைத் தேர்ந்தெடுத்து, லோகோவைச் சுற்றிப் பெட்டி போடுங்கள்.

பலர் சறுக்குவது இந்தப் பெட்டியில்தான். லோகோவை ஒட்டி இறுக்கமாகப் போட்டால், அதன் ஓரத்து நிறத்தையே எடுத்து நடுவில் பூசிவிடும். நாலு புள்ளி தள்ளிப் போடுங்கள். ரொம்பப் பெரிதாக்கினாலும் திட்டு கண்ணில் படும். சுழலும், அசையும் லோகோ என்றால் அது போகும் இடம் முழுவதையும் பெட்டி மறைக்க வேண்டும். பலன் அவ்வளவாக இருக்காது.

என் பெரியப்பா மகள் 2003-ல் ஒரு உள்ளூர் சேனலில் பாடியதை வீட்டில் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். பின்னால் நீலத் திரை. அதன் மேல் லோகோ போன சுவடே தெரியவில்லை. ஒரு க்ளோசப்பில் மட்டும் அக்காவின் நெற்றியும் கண்ணும் லோகோவுக்கு அடியில் வந்தன. ஃபில்ட்டர் போட்டால் முகம் ஈரத் துணியால் துடைத்தது போல ஆகிவிட்டது. அந்த 12 விநாடிக்கு லோகோவை அப்படியே விட்டுவிட்டேன். வீடியோவின் ஒரு பகுதிக்கு மட்டும் ஃபில்ட்டர் போடும் வசதி அவிடெமக்ஸில் உண்டு. பெரியம்மாவுக்கு வேண்டியது மகளின் முகம், சுத்தமான மூலை அல்ல.

இன்னொரு விஷயம். லோகோ போனதால் சேனலின் உரிமை போய்விடாது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்ய இடம் தருகிறது. ஊருக்கெல்லாம் போட்டுக் காட்ட அல்ல. ஒளிபரப்பு உரிமை 25 ஆண்டுகள் நீடிக்கும். அக்கா பாடிய நிகழ்ச்சிக்கு அது 2028 முடியும் வரை. எனவே யூட்யூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால் முதலில் சேனலிடம் கேளுங்கள்.

எல்லாம் சரியாக வந்தால் புதிய பெயர் கொடுத்து சேவ் செய்யுங்கள். ஒவ்வொரு முறை என்கோட் செய்யும்போதும் படத்தின் தரம் கொஞ்சம் இறங்கும். அடுத்த முறை திருத்த வேண்டுமானால் கேசட்டிலிருந்து எடுத்த முதல் ஃபைலில் இருந்துதான் தொடங்க வேண்டும், அதை அழித்துவிடாதீர்கள்.