மாசமா இருக்கும்போது பப்ஸ் சாப்பிடலாமா?

மாசமா இருக்கிறவங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது. சாப்பிடலாம். ஆனா அது எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று பார்க்கணும்.

பப்ஸோட மேல் அடுக்கு காய்ந்த மாவு. கிருமி வளர ஈரம் வேணும். அந்த ஈரம் உள்ளே இருக்கிற முட்டையிலும் சிக்கனிலும் உருளைக்கிழங்கு மசாலாவிலும்தான் இருக்கு. ஓவனிலிருந்து சுடச்சுட எடுத்தது நல்லது. ஆனா ஆறின பிறகு, 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் வேகமா பெருகும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள பல்பு எரியுது, பப்ஸ் தொட்டா வெதுவெதுப்பா இருக்கு என்றால் நம்பாதீங்க. அந்தச் சூடு கிருமிக்குத்தான் வசதி.

அதனால கடையில, "எப்போ போட்டதுண்ணே?" என்று கேளுங்க. 2 மணி நேரத்துக்குள்ள சாப்பிடணும். கடும் வெயில் என்றால் 1 மணி நேரம்தான்.

"வீட்டில சூடு பண்ணிக்கிறேனே" என்பீங்க. சூட்டில் கிருமி சாகும். ஆனா ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரி சில கிருமிகள் ஏற்கெனவே விட்டுட்டுப் போன நச்சு, சூட்டிலும் அழியாது. நேரத்தோட ஃப்ரிட்ஜில் வைத்ததைத்தான் சூடு பண்ணிச் சாப்பிடலாம். உள்ளே இருந்து ஆவி பறக்கணும்.

ஃப்ரிட்ஜிலும் ஒரு சிக்கல் இருக்கு. லிஸ்டீரியா என்கிற கிருமி அந்தக் குளிரிலும் வளரும். கர்ப்பிணிகளுக்கு இது வர வாய்ப்பு மற்றவங்களைவிடச் சுமார் 10 மடங்கு அதிகம். அம்மாவுக்கு லேசான காய்ச்சல், உடம்பு வலியோட போயிடலாம். ஆனா கரு கலையலாம், குறைமாதப் பிரசவம் ஆகலாம், குழந்தை வயிற்றிலேயே இறந்தும் போகலாம். அதனால ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சிக்கன் ரோலை அப்படியே சில்லுனு கடிக்காதீங்க.

மயோனைஸ் வைத்த பன் வேண்டாம். பச்சை முட்டை மயோனைஸில் சால்மோனெல்லா இருக்கலாம். தமிழக அரசே 2025 ஏப்ரலில் அதற்கு ஓராண்டு தடை போட்டது. க்ரீம் பன் வெளியே அடுக்கி வைத்திருந்தா விட்டுடுங்க.

எப்போதோ ஒண்ணு சாப்பிட்டுட்டோமே என்று ராத்திரியெல்லாம் முழிச்சிருக்க வேண்டாம். ஆனா காய்ச்சல் வந்தா, நீங்களே மாத்திரை போட்டுப் படுத்துடாதீங்க. லிஸ்டீரியா சில வாரம் கழிச்சும் வெளிப்படும். என்ன சாப்பிட்டீங்க என்று டாக்டரிடம் சொல்லுங்க. இதற்கு ஆன்டிபயாட்டிக் இருக்கு. சீக்கிரம் கொடுத்தா குழந்தையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.