பெறுமதி மிக்க வீரர் யார்?



மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் அணைத்து நிற்க அமைந்திருக்கும் ஊர் களுதாவளை. வெற்றிலைத் தோட்டங்களாலும் பிள்ளையார் ஆலயத்தாலும் பெயர் பெற்ற அவ்வூரிலும் அதனை அடுத்துள்ள ஊர்களிலும் விடுமுறைக் காலத்து மாலைகளில் மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டிகள் நடைபெறுவதைக் கண்டிருப்பீர்கள். இறுதி ஆட்டம் முடிந்து வெற்றிக் கிண்ணம் கைமாறிய பின்னரும் கூட்டம் கலைந்துவிடுவதில்லை. மேசைமேல் இன்னும் ஒரு சிறு கிண்ணம் எஞ்சியிருக்கும். அது தொடர் நாயகனுக்கு உரியது. அதனை யாருக்கு வழங்குவது என்பதிலேதான் நடுவர்களுக்கும் கழகத்தாருக்கும் வாதம் எழும். “கூடிய ஓட்டம் எடுத்தவன் இவன்” என்பார் ஒருவர். “வென்ற அணியில் உள்ளவனுக்கே கொடுக்க வேண்டும்” என்பார் மற்றொருவர். “அவன் அன்று ஒரு பிடி எடுத்திராவிட்டால் இந்த அணி இறுதி ஆட்டத்திற்கே வந்திராதே!” என்பார் மூன்றாமவர். மூவர் கூற்றிலும் நியாயம் உண்டு. அந்த வாதத்தையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

நம் முன்னோருக்கு இவ்வாதம் இருந்ததில்லை. கண்ணகி வழிபாட்டோடு ஒட்டி மட்டக்களப்புப் பிரதேசத்தில் நடந்துவந்த கொம்புமுறி விளையாட்டை எண்ணிப் பாருங்கள். ஊரார் வடசேரி, தென்சேரி என இரு பகுதியாகப் பிரிவர். இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு பூட்டி, இரு சேரியாரும் இரு பக்கமும் நின்று இழுப்பர். எச்சேரியின் கொம்பு முறிகின்றதோ அச்சேரி தோற்றதாகும். வெற்றி சேரிக்கு உரியது. கயிற்றைப் பிடித்த கைகளுள் எந்தக் கை வலிமை மிக்கது என்று யாரும் கேட்பதில்லை. கூட்டு முயற்சியிலிருந்து ஒருவரைப் பிரித்தெடுத்துப் பரிசளிக்கும் வழக்கம் பிற்காலத்தது. அவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது, அதனைப் பெற்றோர் யாவர் என்பதை ஆராய்ந்தால் மேற்கூறிய வாதத்திற்கு ஓரளவு விடை கிடைக்கும்.

இப்பரிசின் பழைய வரலாற்றைக் காண அமெரிக்க நாட்டிற்குச் செல்லவேண்டும். அங்கே மக்களின் உள்ளங்கவர்ந்த விளையாட்டு பேஸ்போல். அதனைக் கிரிக்கெட்டிற்கு ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம். ஒருவர் பந்தை எறிய, மற்றவர் உருண்டையான தடியால் அதனை அடித்து, நான்கு தளங்களைச் சுற்றி ஓடிவந்து ஓட்டம் பெறுவார். 1910ஆம் ஆண்டில் சால்மர்ஸ் என்னும் மோட்டார் வண்டி உற்பத்தியாளர், அந்த ஆண்டு அடிப்பதில் உயர்ந்த சராசரி பெறும் ஆட்டக்காரருக்கு ஒரு மோட்டார் வண்டி பரிசு என அறிவித்தார். போட்டி இருவருக்கிடையே முற்றியது. ஒருவர் டை கொப். ஆற்றல் மிக்கவர், ஆயினும் சக ஆட்டக்காரர் பலரின் வெறுப்புக்கு ஆளானவர். மற்றவர் நப் லாஜுவே, யாவராலும் நேசிக்கப்பட்டவர்.

பருவத்தின் முடிவில் நடந்தது வியப்பும் வேதனையும் தருவது. தமது சராசரி குறைந்துவிடக்கூடாது என்று கருதிய கொப், கடைசி இரண்டு ஆட்டங்களில் இறங்கவேயில்லை. லாஜுவேயோ செயின்ட் லூயிஸ் நகரில் ஒரே நாளில் இரு ஆட்டங்கள் ஆடினார். எதிரணியின் முகாமையாளர் லாஜுவேக்குப் பரிசு கிடைக்கட்டும் என்று எண்ணித் தமது காவற்காரர் ஒருவரைத் தொலைவில் பின்தள்ளி நிற்கச் செய்தார். லாஜுவே பெரும்பாலும் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடியே எட்டு அடிகளைச் சேர்த்துக்கொண்டார். முடிவில் கொப்பே ஒரு நூலிழையில் முந்தியதாக அறிவிக்கப்பட்டது. வண்டி கொடுத்தவர் இருவருக்கும் ஒவ்வொரு வண்டி கொடுத்து அமைந்தார். முகாமையாளர் பதவி இழந்தார்.

ஓர் எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால் ஆட்டக்காரர் அந்த எண்ணிக்கைக்காகவே ஆடுவர். அணி பின்னுக்குப் போய்விடும் என்பதை அச்சம்பவம் உலகிற்கு உணர்த்தியது. மறு ஆண்டிலேயே விதி மாற்றப்பட்டது. ‘தன் அணிக்கு மிகவும் பயன்பட்டவர் யார்’ என்று பத்திரிகையாளர் குழுவொன்று ஆராய்ந்து வாக்களிக்க வேண்டும் என்றாயிற்று. ‘மிகப் பெறுமதி வாய்ந்த ஆட்டக்காரர்’ என்ற பரிசின் வித்து இதுவே. சால்மர்ஸ் பரிசு 1914ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. எனினும், 1931ஆம் ஆண்டு முதல் பேஸ்போல் எழுத்தாளர் சங்கத்தார் வாக்களித்துப் பெறுமதி மிக்க ஆட்டக்காரரைத் தெரிவு செய்துவருகின்றனர்.

மனிதர் தெரிவு செய்வதில் மனிதக் குறைகளும் இருக்கவே செய்யும். 1947ஆம் ஆண்டில் டெட் வில்லியம்ஸ் என்பார் அடித்தற் சராசரி முதலிய மூன்று பெரும் கணக்குகளிலும் முதலிடம் பெற்றிருந்தார். ஆயினும் 202க்கு 201 என்று ஒரே புள்ளியால் ஜோ டிமாஜியோவிடம் பரிசை இழந்தார். அது சரியா, தவறா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எண்ணினால் ஒரு குறை, எடை போட்டால் மற்றொரு குறை. இந்த இரண்டுக்கும் இடையிலேதான் இப்பரிசு நெடுங்காலமாக நடந்துவருகின்றது.

இனி, நமக்கு நெருங்கிய கிரிக்கெட்டிற்கு வருவோம். 1985ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் நடைபெற்ற உலகச் சம்பியன் தொடரில் இந்தியா வென்றது. அத்தொடரில் மிகுதியான ஓட்டங்களைக் குவித்தவர் சென்னையைச் சேர்ந்த ஸ்ரீகாந்த். அவர் எடுத்தவை 238 ஓட்டங்கள். ஆயினும் சிறந்த வீரருக்கான ஆடி மோட்டார் வண்டி ரவி சாஸ்திரிக்கே கிடைத்தது. அவர் 182 ஓட்டங்களை எடுத்ததோடு 8 விக்கெட்டுகளையும் வீழ்த்தியிருந்தார். ஓட்டக் கணக்கை மட்டும் எண்ணியிருந்தால் வண்டி சென்னைக்கு வந்திருக்கும்.

இதனினும் தெளிவான சான்று நம் நாட்டிற்கே உரியது. 1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது, தொடரின் மிகப் பெறுமதி மிக்க வீரராகத் தெரிவானவர் மாத்தறையைச் சேர்ந்த சனத் ஜயசூரிய. அவர் எடுத்த ஓட்டங்கள் 221. வீழ்த்திய விக்கெட்டுகள் 7. அத்தொடரிலே சச்சின் டெண்டுல்கர் 523 ஓட்டங்களும், அரவிந்த டி சில்வா 448 ஓட்டங்களும் எடுத்திருந்தனர். அனில் கும்ப்ளே 15 விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்தார். அவ்வாறாயின் ஜயசூரியவுக்குப் பரிசு எங்ஙனம் பொருந்தும்?

பொருந்தும் காரணத்தைக் கூறுகின்றேன். அக்கால விதிப்படி முதல் பதினைந்து ஓவர்களில் காவற்காரருள் இருவர் மட்டுமே வட்டத்திற்கு வெளியே நிற்கலாம். தொடக்க ஆட்டக்காரர் பலரும் புதுப்பந்தின் வேகம் தணியும்வரை பொறுத்திருந்து ஆடிய காலம் அது. ஜயசூரியவும் கலுவிதாரணவும் முதல் ஓவரிலிருந்தே தாக்கி ஆடினர். டில்லியில் இந்தியாவின் 271 ஓட்டங்களைத் துரத்தியபோது ஜயசூரிய 79 ஓட்டங்களை எடுத்தார். பைசலாபாத்தில் நிகழ்ந்த கால் இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 44 பந்துகளில் 82 ஓட்டங்களைக் குவித்தார். எதிரணியினர் தம் திட்டம் முழுவதையும் அவர் ஒருவரை எண்ணியே மாற்ற வேண்டியதாயிற்று. கல்கத்தா அரை இறுதியில் அவர் ஒரே ஓட்டத்துடன் ஆட்டமிழந்தார் என்பது உண்மை. ஆயினும் அதே ஆட்டத்தில் பந்து வீசி 12 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவற்றுள் முதலாவது டெண்டுல்கருடையது. துடுப்புக் கைவிட்ட நாளில் பந்து கைகொடுத்தது.

மறுபுறத்து நியாயத்தையும் மறைத்தல் ஆகாது. லாகூர் இறுதி ஆட்டத்தில் ஜயசூரிய எடுத்தது 9 ஓட்டங்கள் மட்டுமே. அன்று 3 விக்கெட்டுகளை வீழ்த்தி, 2 பிடிகளை எடுத்து, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களையும் பெற்றுக் கிண்ணத்தைக் கொணர்ந்தவர் அரவிந்த டி சில்வா. அரை இறுதியின் ஆட்டநாயகனும் அவரே. அவருக்கே அப்பரிசு உரியது என்று வாதிடுவோரை நான் குறைகூற மாட்டேன். வழி வகுத்தவன் பெரியவனா, வீடு கொண்டு சேர்த்தவன் பெரியவனா என்ற வினாவிற்கு இருவகை விடையும் பொருந்தும்.

இரண்டாவது வாதம், வென்ற அணியினருக்கே பரிசு என்பது. உலகக் கிண்ணத்தின் பட்டியல் இதனை ஏற்கவில்லை. 1992ஆம் ஆண்டு தொடங்கி 2023ஆம் ஆண்டு வரை ஒன்பது தொடர்களில் இப்பரிசு வழங்கப்பட்டது. கிண்ணத்தை வென்ற அணியிலிருந்து பரிசு பெற்றவர் நால்வர் மட்டுமே: 1996இல் ஜயசூரிய, 2007இல் மெக்ரா, 2011இல் யுவராஜ் சிங், 2015இல் மிச்சல் ஸ்டார்க். எஞ்சிய ஐவரும் தோற்ற அணியினர். 1992இல் மார்ட்டின் குரோ தலைமை தாங்கிய நியூசிலாந்து அரை இறுதியில் வீழ்ந்தது. 1999இல் லான்ஸ் குளூஸ்னர் 281 ஓட்டங்களும் 17 விக்கெட்டுகளும் பெற்றார். அரை இறுதி சமநிலையில் முடிய, அவருடைய தென்னாபிரிக்கா வெளியேறியது. 2003இல் டெண்டுல்கர், 2019இல் கேன் வில்லியம்சன், 2023இல் விராட் கோலி ஆகிய மூவரும் இறுதி ஆட்டத்தில் கிண்ணத்தை இழந்த பின்னரே இப்பரிசைப் பெற்றனர். 673 ஓட்டங்களைக் குவித்த டெண்டுல்கருக்கும் 765 ஓட்டங்களைக் குவித்த கோலிக்கும் அந்தப் பரிசு ஆறுதலாக அமைந்திருக்குமா என்பது ஐயமே. ஆயினும், தோல்வி ஒருவனுடைய உழைப்பின் பெறுமதியை அழித்துவிடுவதில்லை என்பதை இப்பட்டியல் அழுத்தமாகக் கூறுகின்றது.

நேயர்களே, தமிழர் பெருமைப்படத்தக்க ஒரு செய்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். டெஸ்ட் கிரிக்கெட்டில் மிகுதியான முறை தொடர் நாயகன் பரிசைப் பெற்றவர் இருவர். இருவரும் பதினொரு முறை பெற்றனர், இருவரும் சுழற்பந்து வீச்சாளர், இருவரும் தமிழர். ஒருவர் கண்டியைச் சேர்ந்த முத்தையா முரளிதரன். மற்றவர் சென்னையைச் சேர்ந்த ரவிச்சந்திரன் அசுவின்.

முரளிதரன் 133 டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தி 2010ஆம் ஆண்டில் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1998ஆம் ஆண்டு இலண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து இழந்த 20 விக்கெட்டுகளில் 16ஐ அவர் ஒருவரே வீழ்த்தினார். ஆனால், அதே ஆட்டத்தில் ஜயசூரிய 213 ஓட்டங்களையும் டி சில்வா 152 ஓட்டங்களையும் எடுத்து, அவருக்குப் பந்து வீசக் காலமும் துணிவும் தந்தனர் என்பதையும் மறக்கலாகாது. அசுவின் 2024ஆம் ஆண்டு சென்னையில், வங்காளதேசத்திற்கு எதிராக அணி 144 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தபோது களமிறங்கி 113 ஓட்டங்கள் எடுத்தார். பின்னர் இரண்டாம் இன்னிங்ஸில் 6 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். பதினொராவது பரிசு அந்தத் தொடரில் கிடைத்தது. அச்சதத்திலும் ஒரு துணை உண்டு: மறுமுனையில் 86 ஓட்டங்கள் எடுத்து நின்றவர் ஜடேஜா.

பரிசு பெற்ற ஒவ்வொருவர் பின்னாலும் பரிசு பெறாத ஒருவர் நிற்கின்றார் என்பது இவற்றால் விளங்கும். அவரை மறக்காமல் இருப்பதற்காகவே சிலர் ஆட்டத்தின் ஒவ்வொரு செயலுக்கும் புள்ளி குறித்துக் கூட்டும் முறையை நாடினர். இந்தியன் பிரிமியர் லீக் தொடரில் நான்கு, ஆறு ஆகிய அடிகளுக்கு மட்டுமன்றி, ஓட்டம் கொடாத பந்திற்கும் எடுத்த பிடிக்கும் புள்ளி உண்டு. அம்முறையில் பெறுமதி மிக்க வீரர் பரிசை 2012, 2018, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் பெற்றவர் மேற்கிந்தியரான சுனில் நரைன். 2012இல் பந்துவீச்சாளராகவே புகழ் பெற்ற அவர், 2024இல் 488 ஓட்டங்களையும் எடுத்திருந்தார். புள்ளிக் கணக்கு கண்ணுக்குத் தப்புவதைப் பிடித்துத் தருகின்றது. ஆயினும், நெருக்கடியில் அடித்த நான்கையும் கவலையற்ற வேளையில் அடித்த நான்கையும் அது ஒன்றாகவே கருதும். அந்த வேறுபாட்டை அறிய மைதானத்தில் இருந்து பார்த்த மனிதன் வேண்டும்.

ஆகவே, களுதாவளை மைதானத்தில் அந்தச் சிறு கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கும் பெரியோருக்கு நான் கூற விரும்புவது இதுதான். குறிப்பேட்டைப் பாருங்கள், ஆனால் அதனோடு நில்லாதீர்கள். இவன் இல்லாதிருந்தால் இந்த அணி என்னவாகியிருக்கும் என்று ஒவ்வொரு பெயரையும் வைத்துக் கேளுங்கள். விடை தோற்ற அணியைச் சுட்டினாலும் அஞ்சாது கொடுங்கள். கொடுக்கும்போது, ஏன் கொடுக்கின்றீர்கள் என்பதை ஒலிபெருக்கியில் இரண்டு வாக்கியங்களில் சொல்லுங்கள். எல்லையிலே ஓடி ஓடிப் பந்தைத் தடுத்த பையன் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பான். தன் உழைப்பையும் ஒருவர் கவனித்தார் என்று அறிந்தால் அவன் அடுத்த ஆண்டும் வருவான். அறியாவிட்டால், ஓட்டம் எடுப்பவனுக்கே உலகம் என்று எண்ணி அணியை மறந்து ஆடக் கற்றுக்கொள்வான். 1910இல் டை கொப் செய்தது அதனையே அன்றோ?

கொம்பு இழுத்த நம் முன்னோர் ஒருவனுக்கும் தனிப்பரிசு கொடுத்தாரல்லர். நாம் கொடுக்கின்றோம். கொடுப்பது தவறன்று. கயிற்றின் மறு நுனி வரை பிடித்திருந்த கைகளை நினைந்து கொடுத்தல் வேண்டும்.