தடுப்பூசிக்குப் பிந்தைய கண் அழற்சி

தடுப்பூசி போட்ட சில நாட்களிலோ வாரங்களிலோ கண்ணுக்குள் தோன்றும் அழற்சி, தடுப்பூசிக்குப் பிந்தைய கண் அழற்சி எனப்படுகிறது. வெள்ளைப் படலத்துக்கு உட்புறம் உள்ள யுவியா என்னும் நடுப்படலமே இதில் அதிகம் பாதிக்கப்படுகிறது. அதனால் இது யுவியைட்டிஸ் வகையில் சேர்க்கப்படுகிறது. இது மிக அரிது. பிசிஜி, ஹெபடைட்டிஸ்-பி, இன்ஃபுளுவென்சா, கொரோனா தடுப்பூசிகளுக்குப் பின் நேர்ந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. ஹெபடைட்டிஸ்-பி பற்றி 2010இல் வெளியான ஒரு கட்டுரை 32 நிகழ்வுகளைத் தொகுத்தாலும், தடுப்பூசியுடனான தொடர்பைக் கருதுகோளாகவே முன்வைத்தது.

பெரியம்மைத் தடுப்பூசியில் இந்த ஐயம் இருந்ததில்லை. அம்மை குத்திய இடத்தைச் சொறிந்த விரலால் கண்ணைத் தேய்த்தால், மருந்திலிருந்த உயிருள்ள வாக்சீனியா வைரசு இமைக்கும் கருவிழிக்கும் பரவியது. பெரியம்மை ஒழிந்தபின் பொதுமக்களுக்கு அதைப் போடுவது நின்றுவிட்டது.

அறிகுறிகள்

தமிழ்நாட்டில் கண் சிவந்தால் 'மெட்ராஸ் ஐ' என்று சொல்லிவிடுவது வழக்கம். அந்த நோயில் உறுத்தலும் பீளையும் மிகுதி. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் தொற்றும். யுவியைட்டிசில் பீளை பெரும்பாலும் இராது. கண்ணுக்குள் வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வை மங்கல் ஆகியவையே அதன் அடையாளங்கள். ஸ்லிட் லாம்ப் கருவியால் பார்த்தே இதை உறுதிசெய்ய முடியும். ஸ்டீராய்டு சொட்டுமருந்தும் கண்பாவையை விரிக்கும் மருந்தும் தரப்படுகின்றன. காலம் கடந்தால் கண்புரை, கண் நீர் அழுத்த நோய் வரலாம். ஸ்டீராய்டு சொட்டுமருந்தைக் கடையில் தானாக வாங்கிப் போடுவது ஆபத்து. கருவிழியில் பூஞ்சைப் புண்ணோ ஹெர்பஸ் தொற்றோ இருந்தால் அது நோயை முற்றவைக்கும்.

காரணத்தைக் கண்டறிதல்

ஊசிக்குப் பின் வந்தது என்பதாலேயே ஊசியால் வந்தது என்றாகிவிடாது. இந்தியாவில் யுவியைட்டிசுக்குக் காசநோயும் ஒரு முக்கியக் காரணம் என்பதால் முதலில் அதைச் சோதிப்பார்கள். ஜவ்வாதுமலை அடிவாரத்து ஆலங்காயம் போன்ற ஊர்களில், ஊசி போட்ட கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ ஊசியின் பெயரையும் நாளையும் சொன்னால் போதும். அவர்கள் வழியாக மாவட்டத்துக்குத் தகவல் போகும். கண் சிகிச்சைக்கு வேலூரில் ஷெல் கண் மருத்துவமனை உள்ளது. மருந்துகளின் பக்கவிளைவைப் பொதுமக்கள் நேரடியாகத் தெரிவிக்க, இந்திய மருந்து விழிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024.