சுற்று வழியே சுருக்க வழி!
விமானப் பாதையை வகுக்கும் காற்று

டில்லியிலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு விமானத்தில் இரு வழியாகப் போகலாம். மேற்கே அட்லாண்டிக் கடலைத் தாண்டுவது ஒன்று. கிழக்கே பசிபிக் கடலைத் தாண்டுவது மற்றொன்று. மேற்கு வழி சுமார் 1,400 கிலோ மீட்டர் குறைவு. 2015 டிசம்பரில் ஏர் இந்தியா அந்த வழியாகத்தான் சேவையைத் தொடங்கியது.

ஆனால் 2016 அக்டோபரில் விமானம் கிழக்கே திருப்பிவிடப்பட்டது. 15,000 கிலோ மீட்டருக்கும் அதிகமான தூரத்தை, எங்கும் இறங்காமல், சுமார் பதினாலரை மணி நேரத்தில் கடந்தது. தூரம் கூடியது, நேரமோ குறைந்தது! திரும்பி வர அட்லாண்டிக் வழி. ஆகப் போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. ஒரு முறை போய் வந்தால் உலகையே ஒரு சுற்று!

வானத்தில் ஓர் ஆறு

காரணம் காற்றுதான். சுமார் 10 கிலோ மீட்டர் உயரத்தில், துருவத்தின் குளிர்காற்றும் தெற்கின் வெப்பக்காற்றும் சந்திக்கும் இடத்தில், ஆறு போல ஒரு காற்று ஓடுகிறது. 'ஜெட்' காற்று என்பது இதன் பெயர். பூமி சுழல்வதால் இது மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. குளிர்காலத்தில் வேகம் மணிக்கு 300 கிலோ மீட்டரையும் தாண்டுவதுண்டு.

கணக்கு எளிது. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோ மீட்டர், காற்றின் வேகம் 150 என்று கொள்வோம். காற்றோடு போனால் 1,050. எதிர்த்துப் போனால் 750 மட்டுமே.

ஜப்பானிய அறிஞர் ஓயிஷி 1920-களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இக்காற்றைக் கண்டறிந்தார். வெளிநாட்டில் அதைக் கவனித்தவர் சிலரே. 1952-ல் பான் அமெரிக்கன் விமானம் இதன் உதவியால் டோக்கியோ-ஹானலூலு பயணத்தை 18 மணியிலிருந்து பதினொன்றரை மணியாகக் குறைத்தது.

பயணிக்கு என்ன?

எதிர்காற்று பலமானால் எரிபொருள் கூடுதலாக ஏற்ற வேண்டும். அந்த எடைக்காகச் சரக்கையும், சில சமயம் பயணிகளையும் குறைக்க நேரிடும். ஆகவே ஒவ்வொரு நாளும் காற்றைப் பார்த்தே பாதை வகுக்கிறார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளும் கதைதான்!

ஆபத்தும் உண்டு. இக்காற்றின் ஓரங்களில், மேகமே இல்லாத தெளிந்த வானிலும் விமானம் திடீரெனக் குலுங்கும். விமானியின் ராடாரிலும் அது தெரியாது. விளக்கு அணைந்த பிறகும், உட்கார்ந்திருக்கும் வரை பெல்ட்டை அவிழ்க்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.