காதில் எண்ணெய் வேண்டாம், மெஷினுக்கு அடியில் ரப்பர் போடுங்கள்

சென்ற வாரம் வந்தவரின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு பூண்டுப் பல். தேங்காய் எண்ணெயில் வதக்கி, அடைப்பு போகட்டும் என்று வைத்திருக்கிறார். எடுக்க வராமல் நான்கு நாள் அங்கேயே ஊறி, காதுத் துவாரம் முழுக்கச் சிவந்து வெந்திருந்தது. பூண்டை எடுத்த பிறகும் அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.

"டாக்டர், இவரு டிவி போட்டா பக்கத்து வீட்டுக்கே கேக்குது. பேரப்பிள்ள கூப்பிட்டா மட்டும் திரும்ப மாட்டேங்கறாரு" என்றார் மனைவி. குளுவாங் வட்டாரத்துச் செம்பனை எண்ணெய் ஆலையொன்றில், கொட்டை உடைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் 22 ஆண்டுகள் நின்றவர் அவர்.

இப்படி மாதம் தவறாமல் யாராவது வருகிறார்கள். எண்ணெய், சொட்டு மருந்து, நரம்பு மாத்திரை என்று ஒரு சுற்று முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

"பழகிப்போச்சு டாக்டர்"

நான் அதிகம் கேட்பதும் என்னை அதிகம் கலங்க வைப்பதும் இந்த வார்த்தைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலையைப் பிளந்த இரைச்சல் இப்போது ஒன்றும் செய்யவில்லை என்றால், உள்காதின் மயிரணுக்களில் ஒரு பகுதி செத்திருக்கலாம். செத்தவை மறுபடி முளைப்பதில்லை. செவிப்பறைக்கு இந்தப் பக்கம் ஊற்றுகிற எந்த எண்ணெயும் அங்கே போய் எதையும் உயிர்ப்பிக்காது.

"ஷிப்ட் முடிஞ்சு வந்தா காதுல ஙொய்னு ஒரு சத்தம், காலையில சரியாயிடும்" என்பார்கள். அது சரியாகும் காலத்திலேயே வந்துவிடுங்கள். சரியாகாத ஒரு காலை வரும்.

"வயசாயிடுச்சு" என்பது இன்னொன்று. நாற்பது வயதுக்காரர் இதைச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. இரைச்சலில் முதலில் போவது உயர்ந்த சுருதி. லாரி ஹாரன் கேட்கும். ச, ஸ, ஃப ஒலிகளும் குழந்தைகளின் குரலும் நழுவும். பேசுவது காதில் விழும், என்ன பேசினார்கள் என்பது பிடிபடாது. வீட்டில் அதை "கேட்டும் கேளாத மாதிரி இருக்காரு" என்று சண்டையாக்குகிறார்கள்.

பஞ்சு வைத்தால் போதும் என்று நம்பாதீர்கள், மில் இரைச்சலுக்கு அது தடுப்பே அல்ல. கடையில் நீங்களாகவே சொட்டு மருந்து கேட்டு வாங்காதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சில மருந்துகள் உள்காதையே கெடுத்துவிடும்.

கை மரத்துப்போகும் கதை

மெஷின் காதோடு நிற்பதில்லை. புல் வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் ரம்பம், கான்கிரீட் உடைக்கும் கருவி பிடிப்பவர்கள் விரல் மரத்துப்போகிறது, சட்டைப் பொத்தான் போட வரவில்லை என்கிறார்கள். நல்லெண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, இனிப்புநீர் என்று தாங்களே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். உண்மையில் இது கருவியின் அதிர்வால் வரும் நோய். குளிர்நாட்டில் இது வந்தால் விரல் வெளுக்கும், பார்த்தாலே தெரியும். நம் வெக்கையில் பெரும்பாலும் வெளுப்பதில்லை, மரப்பும் ஊசி குத்தலும்தான். அதனால்தான் ஏமாந்துபோகிறோம். புகை பிடிப்பவருக்கு இது இன்னும் மோசம்.

எத்தனை மணி நேரம்?

2019 ஜூன் முதல் நடப்பில் உள்ள மலேசிய இரைச்சல் விதிமுறைப்படி, எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 85 டெசிபல். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 88-இல் நான்கு மணி நேரம், 91-இல் இரண்டு, 100-இல் வெறும் கால் மணி நேரம். கருவி இல்லாமலே ஓரளவு கணிக்கலாம். கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேசவேண்டியிருந்தால் வரம்பைத் தொட்டுவிட்டீர்கள்.

காதடைப்பானை வேர்க்கிறது என்று அவ்வப்போது கழற்றுகிறீர்கள். 30 டெசிபல் குறைக்கும் அடைப்பானை எட்டு மணி நேரத்தில் ஒரே ஒரு மணி நேரம் கழற்றி வைத்தால், அன்றைக்குக் கிடைக்கும் பலன் சுமார் 9 டெசிபல்தான். பாதி நேரம் கழற்றினால் வெறும் 3.

ரப்பர் நம்முடையது

காதை அடைப்பது கடைசி வழி, முதலில் அடக்கவேண்டியது மெஷினை. தளர்ந்த தகடுகளை இறுக்குவது, தேய்ந்த பேரிங்கை மாற்றுவது, நீராவி வெளியேறும் குழாய்க்கு ஒலியடக்கி பொருத்துவது, கொட்டை உடைக்கும் மெஷினைச் சுற்றி மூடி கட்டுவது, அதன் அடியில் ரப்பர் தாங்கிகள் வைத்து அதிர்வு தளத்துக்கும் தூண்களுக்கும் பரவாமல் தடுப்பது, எல்லாம் செய்யக்கூடிய வேலைகளே.

லண்டனில் சுரங்க ரயில் நிலையத்துக்கு மேலே 1966-இல் அல்பனி கோர்ட் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தை எழுப்பினார்கள். ரயிலின் அதிர்வு வீடுகளுக்குள் ஏறாமலிருக்க இயற்கை ரப்பர் தாங்கிகளின்மேல் அதை உட்கார வைத்தார்கள். நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய அதே மரத்தின் ரப்பர். 2014-இல் திறந்த பினாங்கு இரண்டாவது பாலத்தையும் நிலநடுக்கத்திலிருந்து காக்க ரப்பர் தாங்கிகளே நிற்கின்றன. குளுவாங் ஆலையில் ஒரு மெஷினுக்கு அடியில் அதே ரப்பரை வைக்க ஏன் இத்தனை தயக்கம்?

இங்கும் கைவைத்தியம் கூடாது. மெஷினின் எடைக்கும் சுழலும் வேகத்துக்கும் பொருத்தமான ரப்பரைப் பொறியாளர்தான் கணக்கிட வேண்டும். பழைய டயரை வெட்டிப் போட்டால் அதிர்வு கூடிவிடவும் செய்யும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

முதலாளிமார்களே, வரம்பு தாண்டிய இடத்தில் வேலை செய்வோருக்கு ஆண்டுதோறும் கேள்திறன் சோதனை செய்யவேண்டியது உங்கள் கடமை. அதற்குத் தொழிலாளியின் சம்பளத்தில் கைவைக்கச் சட்டம் இடம் தரவில்லை. தொழிலாளிகளே, கேள்திறன் இழப்பைத் தொழில்நோயாகக் காட்டி, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் இழப்பீடு கோரலாம். வேலை போய்விடும் என்று பயந்து மறைக்காதீர்கள்.

அக்கா, தங்கச்சிமார்களே, டிவி சத்தத்தை முதலில் கவனிப்பது நீங்கள்தான். அன்றைக்கே அழைத்து வாருங்கள், அடுத்த தைப்பூசம் கழியட்டும் என்று இருக்காதீர்கள். ஓய்வு நாள் முடிந்த மறுநாள் காலை, ஷிப்டுக்குப் போகுமுன் வந்தால் சோதனை சரியாக அமையும். காதில் மட்டும் எதையும் ஊற்றாமல் வாருங்கள்.