காற்றிலிருந்து நீர் பருகும் புத்தகப் பேன்

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் அந்தமான் தீவுகளில், மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை வீட்டுச் சுவரும் மர அலமாரியும் அரிசி மூட்டையும் நன்றாக உலர்வதற்கு வாய்ப்பே அமைவதில்லை. அந்த ஈரத்தில், பழைய நூல்களின் கட்டிலும் அரிசிப் பாத்திரத்தின் விளிம்பிலும் ஊர்ந்து திரியும், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள வெளிர்பழுப்புப் பூச்சியே புத்தகப் பேன் ஆகும். தலைப்பேனுக்கு நெருங்கிய உறவாயினும் இது மனிதரைக் கடிப்பதில்லை. ஈரத்தில் படரும் பூஞ்சையையும் மாவுப் பொருளையுமே உண்கிறது.

இப்பூச்சியின் பெருவியப்பு, அது நீர் பருகும் முறையாகும். அதன் வாயினுள், நாக்கின் அடிப்புறத்தில் முட்டை வடிவத் தகடுகள் இரண்டு உள்ளன. அவற்றை வெளியே நீட்டும்போது மேலே பரவும் உமிழ்நீர்ப் படலம், மழைக்காலத்து உப்பு ஜாடியில் உப்பு கசிவதைப்போல, காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துக்கொள்ள, அந்நீரை நுண்குழாய் வழியே தொண்டைத் தசைகள் உள்ளிழுக்கின்றன. காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு அதில் உள்ளது என்பதைக் குறிக்கும் ஒப்பு ஈரப்பதம், ஏறத்தாழ 60 விழுக்காட்டிற்கு மேல் இருக்கும்வரை இப்பூச்சிக்கு வேறு நீர் தேவையில்லை. அதற்குக் கீழே நீடித்துக் குறைந்தால் உடல்நீரை இழந்து சில வாரங்களில் மடிந்துவிடும். வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் லிப்போசெலிஸ் பாஸ்ட்ரிகோஃபிலா என்னும் இனத்தில் பெண் பூச்சி ஆண் துணையின்றியே முட்டையிடுவதால், தப்பிய ஒன்றே மீண்டும் ஒரு கூட்டத்தைத் தோற்றுவிக்கப் போதுமானது.

இத்தகைய உயிரை அடக்க அரிசிக்கருகிலும் நூலடுக்கிலும் மருந்து தெளிப்பது வருந்தத்தக்க வழக்கமாகும். கிடங்குகளில் பயன்படும் பாஸ்பீன் வாயுவையே தாங்கும் திறன் இவ்வினத்தில் காணப்பட்டிருக்க, வீட்டு மருந்து உணவையும் மூச்சையும் மாசுபடுத்துமேயன்றிப் பூஞ்சையையும் ஈரத்தையும் நீக்காது. கடல் கடந்து கப்பலில் வந்துசேரும் நூலும் அரிசியும் இவ்வாறு பாழாவது பேரிழப்பே. மழைநாளில் சன்னலைத் திறந்துவைத்தால் வெளியீரமே உள்ளே புகும் என்பதால், தீவில் வாழ்வோர் ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள வறண்ட மாதங்களில் அரிசியையும் அலமாரியையும் வெயிலில் காயவைத்து, நூல்களை நிழலில் விரித்துத் துடைத்து, உலர்ந்த அரிசியைக் காற்றுப்புகாத டின்னில் அடைத்து வைத்தல் வேண்டும்.